பேசவில்லை, மெல்லவில்லை, துப்புகிறது: எதை முதலில் பார்ப்பது?

பேச்சுப் பயிற்சிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உட்காரும் முன்பே சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "நாக்கு அடியில ஒட்டியிருக்கு, அதை வெட்டிவிட்டா பேசிடும்னு சொல்றாங்க." நான் வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் குழந்தையின் முதுகுப் பக்கம் போய் ஒரு காகிதத்தைக் கசக்குவேன். திரும்பினால் ஒரு வழி, திரும்பாவிட்டால் இன்னொரு வழி. நாக்கு அப்புறம்.

இத்தனை வருடமாக அதே ஏழெட்டு புகார்கள்தான் வந்துகொண்டிருக்கின்றன, நானும் அதே கேள்விகளை அதே வரிசையில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வரிசைதான் கீழே இருப்பது. உங்கள் குழந்தையிடம் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் வீட்டிலேயே செலவில்லாமல் சரிசெய்யக்கூடியது முதலில் வரும், பரிசோதனையும் மருத்துவரும் பின்னால் வருவார்கள். அந்த வரிசைக்கு அடங்காத சில உண்டு, அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

## வீட்டு முயற்சியே வேண்டாம், நேராக மருத்துவரிடம்

பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் காணாமல் போனால், எந்த வயதாக இருந்தாலும் சரி, காத்திருக்காதீர்கள். முன்பு "டாட்டா" காட்டிய குழந்தை இப்போது காட்டுவதில்லை என்பதும் இதில் சேரும்.

குடிக்கும்போது அடிக்கடி புரையேறுவது, குடித்த பிறகு குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல் கொழகொழப்பது, பால் குடிக்கும்போது மூச்சு வாங்குவது, கண்ணில் நீர் வருவது, திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளி அல்லது நிமோனியா, எடை ஏறாமல் நிற்பது அல்லது குறைவது, குடித்தது மூக்கு வழியாக வெளியே வருவது: இவை விளையாடித் தீர்க்கும் விஷயங்கள் அல்ல. உணவோ பாலோ மூச்சுக்குழாய்க்குள் போகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

## வார்த்தையே வரவில்லை

முதலில் மூன்று விஷயங்களைப் பாருங்கள், ஒரே நாளில் பார்த்துவிடலாம். குழந்தை விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது, உங்கள் முகமும் நிழலும் தெரியாத இடத்திலிருந்து சாதாரண குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அப்புறம் கை காட்டாமல், கண்ணால் பார்க்காமல், "செருப்பை எடுத்துட்டு வா" என்பது போல ஒன்று சொல்லிப் பாருங்கள். கடைசியாக, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா, அதைவிட முக்கியமாக, வேண்டாத ஒன்றைக்கூட, வானத்தில் போகும் விமானத்தை, "நீயும் பாரு" என்பதற்காகச் சுட்டுகிறதா என்று கவனியுங்கள்.

கூப்பிட்டால் திரும்புவதில்லை. காதுப் பரிசோதனை. இதற்கு முன்னால் வேறெதையும் செய்து நேரத்தைக் கழிக்காதீர்கள். "டிவியில பாட்டு வந்தா ஓடி வர்றான், காது நல்லாத்தான் கேக்குது" என்று சொல்வார்கள். பாட்டின் மேளச் சத்தம் கேட்கும் காதுக்குப் பேச்சில் உள்ள மெல்லிய ஒலிகள், ச, ஃப, த போன்றவை, கேட்காமல் இருக்கலாம். பிறந்தபோது செய்த பரிசோதனையில் தேறியிருந்தாலும் அது அன்றைய சான்றிதழ் மட்டும்தான், பிறகு வந்த குறைபாட்டை அது சொல்லாது. சளி பிடித்துப் போன பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினால் குழந்தைக்கு உலகமே தலையணை வழியாகக் கேட்பது போல் இருக்கும், ஒரு வாரம் கேட்கும், மறு வாரம் கேட்காது, அதனால்தான் வீட்டில் பிடிபடுவதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த நீர் 3 மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். அதைத் தாண்டியும் நின்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஓஏஇ (காதுக்குள் ஒலி அனுப்பி உள்காது தரும் எதிரொலியைப் பார்ப்பது), பெரா (ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் தரும் பதிலைப் பார்ப்பது) என்று சோதனைகளின் பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், இரண்டுமே வலிக்காது, பல குழந்தைகளுக்குத் தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள்.

காது கேட்கிறது, ஆனால் சொன்னது புரியவில்லை, சுட்டுவதும் இல்லை. இங்கே "ஆம்பளப் பையன், லேட்டாத்தான் பேசுவான்" என்ற சமாதானம் செல்லாது. 12 மாதத்தில் பெயருக்குத் திரும்பாதது, ஒன்றே கால் வயதிலும் எதையும் சுட்டாதது, 16 மாதத்தில் ஒரு வார்த்தையும் இல்லாதது, இதில் எது இருந்தாலும் குழந்தைகள் நல மருத்துவரிடமும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் காட்டுங்கள். ஆட்டிசமா, ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதமா, வேறெதுவுமா என்பதை அவர்கள் பார்ப்பார்கள். என்ன குறை என்று முடிவாகும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, கீழே வரும் விளையாட்டுகளை இன்றைக்கே தொடங்கலாம்.

எல்லாம் புரிகிறது, சுட்டிக் காட்டுகிறது, பேச்சு மட்டும் இல்லை. அதிகம் வருவது இதுதான். இங்கே முதலில் சரிபார்க்க வேண்டியது குழந்தையை அல்ல, நம்மை. போனை எடுத்து, நீங்களும் குழந்தையும் விளையாடும் 5 நிமிடத்தை ஒளிப்பதிவு செய்து, இரவில் போட்டுப் பாருங்கள். எத்தனை கேள்வி கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். "இது என்ன? இது என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்? சொல்லு, சொல்லு பார்ப்போம்." ஒரு அப்பா எண்ணிப் பார்த்துவிட்டு, "சார், இது வெளாட்டு இல்ல, போலீஸ் விசாரணை" என்றார். அவர் சொன்னதை இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செய்ய வேண்டிய மாற்றம் இரண்டு. கேள்வியைக் குறைத்துவிட்டு நடப்பதைச் சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள்: "கார் போகுது. டமார்! விழுந்துடுச்சு." இரண்டாவது, இதுதான் பெரியவர்களுக்கு ரொம்பக் கஷ்டம்: சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு 5 முதல் 10 நொடி காத்திருங்கள். மனதுக்குள் எண்ணுங்கள். பத்து வரை எண்ணுவது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும். பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது நொடியிலேயே பாட்டியோ அக்காவோ பதிலைச் சொல்லிவிடுவார்கள், அப்புறம் குழந்தை எதற்குப் பேச வேண்டும்?

காத்திருப்பதற்கென்றே சில விளையாட்டுகள் உண்டு. சோப்புக் குமிழி ஊதுங்கள், மூடியை இறுக்கி மூடிக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல் உட்காருங்கள். அது உங்களிடம் திரும்ப நீட்டும், "ம்" என்னும், உங்களைப் பார்க்கும். அந்த "ம்"முக்கே "திற! திறக்கலாம்!" என்று சொல்லித் திறந்து ஊதுங்கள். வார்த்தை வந்தால்தான் ஊதுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் விளையாட்டு கெட்டுவிடும், குழந்தை எழுந்து போய்விடும். ஊஞ்சலில் "ஒண்ணு... ரெண்டு..." சொல்லி நிறுத்துங்கள். துணிக்குள் முகத்தை மறைத்து "எங்கே?" என்று கேட்டுவிட்டு, "இதோ!"வைச் சொல்லாமல் இழுங்கள். பிடித்த பொம்மையைக் கண்ணாடி போன்ற டப்பாவில் போட்டு இறுக மூடி எட்டும் உயரத்தில் வையுங்கள். எல்லாவற்றிலும் சூத்திரம் ஒன்றுதான்: ஆவலைக் கூட்டிவிட்டு இடைவெளி விடுவது. முகத்துக்கு முகம் நேராக, அதாவது நீங்கள் தரையில் இருக்க வேண்டும், நாற்காலியிலிருந்து நடக்காது. ஒரு நாளில் அரை மணி நேரம் ஒரேயடியாக வேண்டாம், குளிக்கும்போதும் உடுத்தும்போதும் ஐந்தைந்து நிமிடமாகப் போதும்.

திரை நேரமும் இங்கேதான். 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. போன் பார்ப்பதால்தான் பேச்சு வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது எல்லாப் பழியையும் ஒரே இடத்தில் போடுவது. ஆனால் போன் ஓடும் நேரத்தில் யாரும் குழந்தையிடம் பேசுவதில்லை, பின்னணியில் டிவி ஓடினாலும் பெரியவர்கள் பேசுவது குறைகிறது. ஒரு மாதம் நிறுத்திப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

"வீட்டுல ரெண்டு மொழி, அதான் குழம்பிப்போயிட்டான்" என்பதையும் விட்டுவிடுங்கள். இரண்டு மொழி பேச்சுத் தாமதத்தை உண்டாக்காது. வார்த்தைகளை எண்ணும்போது இரண்டு மொழியிலும் உள்ளதைச் சேர்த்து எண்ணுங்கள், அவ்வளவுதான். அம்மாவுக்குச் சரளமாக வராத மொழியில் அம்மாவைப் பேசச் சொல்வதுதான் உண்மையான நஷ்டம். நாக்கு ஒட்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன்: அது பால் குடிப்பதைச் சிரமப்படுத்தலாம், சில எழுத்துகளின் உச்சரிப்பைத் தொடலாம், ஆனால் பேச்சு தாமதமாவதற்குக் காரணம் அதுவல்ல.

2 வயது ஆகியும் ஏறக்குறைய 50 வார்த்தைகள் இல்லை, அல்லது இரண்டு வார்த்தையைச் சேர்க்கவில்லை என்றால் பயிற்சியாளரிடம் போங்கள். "பூ", "ம்மா", "பௌபௌ" எல்லாமே வார்த்தைதான், எப்போதும் ஒரே பொருளுக்குச் சொன்னால் போதும். சைகையோ படமோ கற்றுக்கொடுத்தால் பேச்சு நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள், அப்படி நடப்பதில்லை. சொல்ல ஒரு வழி கிடைத்த குழந்தையின் அழுகை குறையும்.

## வார்த்தைகள் இருக்கின்றன, சேர்க்கவில்லை

என்னென்ன வார்த்தை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். எல்லாமே பெயராக இருக்கும்: பந்து, நாய், கார், விலங்குகள் பத்து, நிறங்கள் ஆறு. வினை இருக்காது. பெயரோடு பெயரைச் சேர்த்து வாக்கியம் பண்ண முடியாது, அதனால் "போ, வா, குடு, திற, இன்னும், இல்ல, வேணாம்" போன்றவற்றை விளையாட்டுக்குள் கொண்டுவாருங்கள். குழந்தை ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் ஒன்று கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். "பந்து" என்றால் "பந்து போச்சு". நிறமும் எண்ணும் இன்னும் ஆறு மாதம் கழித்துக் கற்றால் குடி முழுகிவிடாது.

கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்கிறதா? "பால் வேணுமா?" என்றால் "பால் வேணுமா" என்கிறதா? இரண்டரை வயது வரை கொஞ்சம் இருக்கும். கேள்வியை விட்டுவிட்டு, குழந்தை சொல்ல வேண்டியதை அதன் இடத்திலிருந்து நீங்கள் சொல்லுங்கள்: "பால் வேணும்." டிவியில் கேட்ட வசனங்களை முழுசாகச் சொல்வது, அதோடு பிற குழந்தைகளிடம் நாட்டமில்லாதது, பொம்மைச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருப்பது எல்லாம் சேர்ந்திருந்தால் மதிப்பீட்டுக்குப் போங்கள். அந்த வசனங்களை நிறுத்தச் சொல்லாதீர்கள், பெரும்பாலும் அவற்றுக்கு அர்த்தம் இருக்கும், எந்தச் சமயத்தில் எதைச் சொல்கிறது என்று குறித்து வைத்தால் பிடிபடும்.

## பேசுகிறது, வெளியாருக்குப் புரியவில்லை

தோராயமான அளவு: 2 வயதில் வெளியாருக்குப் பாதி புரிய வேண்டும், 3 வயதில் முக்கால்வாசி, 4 வயதில் ஏறக்குறைய எல்லாம். அம்மாவுக்குப் புரிவது கணக்கில் வராது, அம்மாவுக்கு எல்லாம் புரியும்.

எந்த ஒலி எதுவாக மாறுகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். "காக்கா"வைக் காட்டி "தாத்தா பறக்குது" என்று சொல்லும் குழந்தை "க"வைத் "த"வாக்குகிறது, இது மூன்றரை வயது வரை சர்வசாதாரணம். "தக்காளி" என்பது "காளி" ஆவதும் அப்படியே. "மரம்" என்பது வேறொன்றாகக் கேட்டு விருந்தாளிகள் திகைப்பதும் உண்டு, "ர"வுக்கு "ல" வருகிறது, அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. ர, ள, ழ எல்லாம் கடைசியில் வரும் ஒலிகள். ழ இன்னும் வந்து சேராத பெரியவர்களே நிறைய இருக்கும்போது மூன்று வயதுக் குழந்தையை ஏன் வாட்ட வேண்டும்?

வீட்டில் செய்ய வேண்டியது: திருத்தாதீர்கள், திருப்பிச் சொல்லுங்கள். "தாத்தா பறக்குது" என்றால், "ஆமா, காக்கா பறக்குது! காக்கா மரத்துல உக்காந்துடுச்சு" என்று சரியான வடிவத்தை இரண்டு மூன்று முறை காதில் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். "காக்கா சொல்லு, கா-க்-கா" என்று நிறுத்திவைத்தால் குழந்தை அந்த வார்த்தையையே தவிர்க்கத் தொடங்கும். கொஞ்சலாக இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து "தாத்தா" என்றே சொல்வதும் வேண்டாம்.

இன்னொன்று. விசில் ஊதுவது, பஞ்சை ஊதித் தள்ளுவது, நாக்கை நீட்டி மடக்குவது என்று "வாய்க்குப் பலம்" தரும் பயிற்சிகளை வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறார்கள். உச்சரிப்பு அதனால் சரியாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஊதி விளையாடட்டும், சந்தோஷம், ஆனால் பேச்சு ஒலி பேசித்தான் வரும். அதற்கென்று மாதக்கணக்கில் செலவழிக்க வேண்டாம்.

போக வேண்டிய கட்டம்: 3 வயதாகியும் வீட்டுக்குள்ளேயே பாதி புரியவில்லை. ஒரே வார்த்தையை மூன்று முறை சொல்லச் சொன்னால் மூன்று விதமாக வருகிறது, உயிரெழுத்துகளே மாறுகின்றன, வாய் எதையோ தேடித் தடவுவது போல் அசைகிறது. இது மூளையிலிருந்து வாய்க்குப் போகும் திட்டமிடலில் உள்ள சிக்கலாக இருக்கலாம், அடிக்கடி, குறைந்த நேரப் பயிற்சியாக வேண்டியிருக்கும். பேச்சு முழுக்க மூக்கு வழியாக வருகிறது என்றால் அண்ணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், வெளியே தெரியாமல் உள்ளுக்குள் மட்டும் பிளந்திருக்கும் அண்ணமும் உண்டு. காதுப் பரிசோதனை இதிலும் உண்டு, தப்பிக்க முடியாது.

## திடீரென்று திக்க ஆரம்பித்துவிட்டது

நேற்று வரை நன்றாகப் பேசிய மூன்று வயது, இன்றைக்கு "நா நா நா நானும் வர்றேன்" என்கிறது, வீடே கலங்கிப்போகிறது. யாரோ பயமுறுத்திவிட்டார்கள், திக்குகிறவரைப் பார்த்துப் பழகிவிட்டது என்று காரணம் தேடுவார்கள். இரண்டும் காரணமில்லை. திக்குவது பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள்தான் தொடங்கும், நான்கில் மூன்று குழந்தைகளுக்கு மேல் தானாகவே விட்டுவிடும்.

"மெதுவா சொல்லு", "யோசிச்சுச் சொல்லு", "மூச்சு விட்டுட்டு சொல்லு" இவற்றை இன்றோடு நிறுத்துங்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுப்பதையும். குழந்தையின் வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் உங்கள் வேகத்தைக் குறையுங்கள், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மூச்சு விடுங்கள். விருந்தாளிகள் முன்னால் பாட்டுப் பாடிக்காட்டச் சொல்வது கொஞ்ச நாளைக்கு வேண்டாம். நாளுக்கு 5 நிமிடம், வேறு யாரும் குறுக்கே பேசாமல், அதோடு மட்டும் உட்காருங்கள்.

குடும்பத்தில் பெரியவர் யாருக்காவது திக்கல் நீடித்திருக்கிறது, மூன்றரை வயதுக்குப் பிறகு தொடங்கியது, 6 மாதத்தைத் தாண்டியது: இதில் ஏதாவது ஒன்று இருந்தால் காத்திருக்க வேண்டாம். கண்ணை இறுக்குவது, கழுத்து நரம்பு புடைப்பது, காலைத் தட்டுவது, சத்தமே வராமல் அடைத்து நிற்பது, பேசப் பிடிக்காமல் விலகுவது எல்லாம் தெரிந்தால் அன்றே பேச்சுப் பயிற்சியாளரை அழைத்துச் சொல்லுங்கள். சின்ன வயதில் பயிற்சி நன்றாகப் பலிக்கும்.

## வீட்டில் வாயாடி, வெளியே ஊமை

பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை விட்டுவிடுங்கள், அது பழக்கப்படும் காலம். அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் வெளியே ஒரு சொல்லும் வரவில்லை என்றால் அது கூச்சமோ திமிரோ அல்ல, பதற்றம். "ஆன்ட்டிக்கு ஹலோ சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் தள்ளிவிடாதீர்கள். பேச்சுப் பயிற்சியாளரோடு குழந்தை மனநல ஆலோசகரும் தேவைப்படுவார்.

## கட்டியாக எதைக் கொடுத்தாலும் ஓங்கரிக்கிறது

முதலில் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், முகம் சிவக்கும், இருமும், தானே வெளியே தள்ளிவிடும். அது காவல்காரன் வேலை செய்வது. தொண்டை அடைத்த குழந்தை சத்தமே போடாது, இரும முடியாது, உதடு நீலமாகும். அப்போது ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட, ஒருவர் உடனே தொடங்க வேண்டும்: 1 வயதுக்குள் என்றால் தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் கவிழ்த்துப் பிடித்து முதுகில் 5 தட்டு, பிறகு திருப்பி மார்பின் நடுவில் 5 அழுத்தம், 1 வயதுக்கு மேல் முதுகில் 5 தட்டு, பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தொப்புளுக்கு மேல் உள்நோக்கி மேலே 5 அழுத்தம். அடைப்பு நீங்கும்வரை அல்லது உதவி வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தேடாதீர்கள், இன்னும் உள்ளே போகும். இதைக் காகிதத்தில் படிப்பது போதாது, ஒரு முதலுதவி வகுப்பில் பொம்மையில் செய்து பழகுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், முழுக் கடலை, பாதாம் போன்றவற்றை 4, 5 வயது வரை கொடுக்காதீர்கள்.

அடைப்பு இல்லை, ஓங்கரிப்புதான் என்றால், காரணங்களை இப்படிப் பாருங்கள்.

உட்காரும் விதம் முதலில். கால் தொங்குகிறதா? ஒரு உயரமான ஸ்டூலில் கால் தொங்க உட்கார்ந்து நீங்களே எதையாவது மென்று பாருங்கள், உடம்பு எப்படி ஆடுகிறது என்று தெரியும். பாதத்துக்கு அடியில் ஒரு பெட்டியையோ கட்டையையோ வையுங்கள், இடுப்பு நேராக இருக்கட்டும். இதை மட்டும் மாற்றி, வேறொன்றும் செய்யாமல், பாதிப் பிரச்சினை போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, மிக்ஸியில் அரைத்ததையே எவ்வளவு நாளாகக் கொடுக்கிறீர்கள்? 6 மாதத்தில் திட உணவு தொடங்கினால், 9, 10 மாதத்துக்குள் கட்டிகளை வாய் சந்தித்துவிட வேண்டும். அதைத் தாண்டத் தாண்ட வாய்க்குப் பிடிப்பதில்லை. ஒன்றரை வயதாகியும் வழவழப்பாகவே சாப்பிடும் குழந்தையிடம் ஒருநாள் திடீரென்று பெரியவர்கள் சாப்பாட்டை வைத்தால் ஓங்கரிக்காமல் என்ன செய்யும்? அரைப்பதை விட்டு முள்கரண்டியால் மசிக்கத் தொடங்குங்கள், பிறகு கொஞ்சம் குறைவாக மசியுங்கள், படியை வாரத்துக்கு ஒன்றாக ஏறுங்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் ஒரு தவறு: விழுங்க எளிதாக இருக்கட்டும் என்று நீர்த்த குழம்பிலோ பாலிலோ கட்டிகளை மிதக்கவிட்டுக் கொடுப்பார்கள். வாய்க்கு இருப்பதிலேயே கஷ்டமானது அதுதான். நீர் விழுங்கப்படத் துடிக்கும், கட்டி மெல்லப்படக் காத்திருக்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ளக் குழந்தைக்குத் தெரியாது. அதைவிட எச்சிலில் கரையும் மொறுமொறு பிஸ்கட் எளிது. விரல் நீளத்துக்கு, நசுக்கினால் நசுங்கும் மெதுவான பழத்துண்டை நாக்கின் நடுவில் வைக்காமல் கடைவாய்ப் பக்கம் வையுங்கள். நடுவில் வைத்தால் சப்பும், பக்கத்தில் வைத்தால் கடிக்கும். கடைவாய்ப் பல் வராவிட்டாலும் ஈறு போதும்.

ஆட்டமாக்க வேண்டுமென்றால் கண்ணாடி முன் இருவரும் உட்கார்ந்து "டைனோசர் கடிக்குது" விளையாடுங்கள், நீங்கள் வாயைத் திறந்து மிகையாக மெல்லுங்கள். சாப்பாட்டுக்கு வெளியே, மெல்லும் பொம்மைகளையும் பல் துலக்கும் பிரஷையும் வாயின் பக்கங்களுக்குக் குழந்தையே கொண்டுபோகட்டும்.

இரண்டு மூன்று வாரத்தில் அசைவே இல்லை, வாசனைக்கும் பார்வைக்குமே ஓங்கரிக்கிறது, தினமும் வாந்தி, படுத்தால் நெளிந்து அழுகிறது என்றால் எதுக்களிப்பா, அலர்ஜியா என்று மருத்துவர் பார்க்கட்டும், பிறகு உணவுப் பயிற்சி தெரிந்த தெரபிஸ்ட்.

## வாயில் அடக்கி வைத்துக்கொண்டு விழுங்குவதில்லை

அரை மணி நேரம் கழித்தும் கன்னத்தில் அதே உருண்டை இருக்கும். எந்தக் கன்னம் என்று பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் என்றால் மறுபக்கப் பல்லில் சொத்தையோ வலியோ இருக்கலாம், பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் என்றால் வாய்க்குள் உணவு இருப்பதே சரியாகத் தெரியவில்லை, அல்லது மென்று களைத்துவிட்டது, அல்லது நீங்கள் ஊட்டும் கவளம் பெரிது. கவளத்தைப் பாதியாக்குங்கள், இரண்டு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர், கண்ணாடியில் "காணாமப் போச்சா, பாக்கலாம்" என்று வாயைத் திறந்து காட்டும் விளையாட்டு. மந்தமான சுவையைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியோ புளிப்போ இருந்தால் வாய் விழித்துக்கொள்ளும். ஒரு வேளைச் சாப்பாடு 30 நிமிடத்தைத் தாண்டினால் எடுத்துவிடுங்கள், ஒரு மணி நேரம் இழுத்தாலும் கூடுதலாக உள்ளே போவது ஒன்றிரண்டு கவளம்தான்.

வாயில் உணவோடு தூங்கவிடாதீர்கள்.

## நான்கைந்து உணவைத் தவிர வேறெதையும் தொடாது

பாலை அளந்து பாருங்கள், ஊகிக்க வேண்டாம். 1 வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் வயிற்றில் வேறெதற்கும் இடமில்லை, அதோடு இரும்புச்சத்தும் குறையும், இரும்பு குறைந்தால் பசியும் குறையும், இப்படியே சுற்றும். இடையிடையே நொறுக்குத் தீனி, பழச்சாறு எல்லாம் சேர்த்து எழுதுங்கள். மூன்று நாள் எழுதினால் பல வீடுகளில் பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது. மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள், வயிறு இறுகிய குழந்தைக்குச் சாப்பாடு பிடிக்காது.

பாலும் சரி, வயிறும் சரி என்றால், அடுத்தது நம் வற்புறுத்தல். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர் முடிவு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தை முடிவு. கேட்க எளிது, கடைப்பிடிக்கும்போது கை நடுங்கும். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்பதும் வற்புறுத்தல்தான், "இதைச் சாப்பிட்டா சாக்லேட்" என்பதும்தான், கைதட்டிப் பாராட்டுவதும் சில குழந்தைகளுக்கு அப்படியே.

போன் காட்டி ஊட்டுகிறீர்களா? அநேகமாக ஆமாம். அந்தக் குழந்தை சாப்பிடுவதில்லை, அதற்குள் சாப்பாடு போகிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரே நாளில் பிடுங்காதீர்கள், சாப்பாடே நின்று வீடு போர்க்களமாகும். முதல் வாரம் ஒரு வேளை மட்டும், அதுவும் குழந்தைக்கு மிகவும் பிடித்த உணவு உள்ள வேளை, போனில்லாமல்.

புதிய உணவை 10, 15 முறை சந்தித்த பிறகுதான் பல குழந்தைகள் வாயில் வைக்கும். சந்திப்பது என்றால் தின்பது அல்ல. ஒரே மேசையில் இருப்பது ஒரு சந்திப்பு, தட்டின் ஓரத்தில் இருப்பது ஒன்று, பொம்மை லாரியில் ஏற்றி உங்கள் தட்டுக்கு அனுப்புவது ஒன்று, கேரட்டை மீசையாக வைப்பது, நக்குவது, கடித்துத் துப்புவது எல்லாம் தனித்தனி. துப்ப அனுமதி உண்டு என்று தெரிந்தால் வாயில் வைக்கத் துணியும், அதனால் துப்புவதற்கென்றே ஒரு கிண்ணம் வையுங்கள். பிடித்த உணவு ஒன்று எப்போதும் தட்டில் இருக்கட்டும். பழக்கமான பிஸ்கட்டுக்குள் காயை ஒளித்து வைப்பது மட்டும் வேண்டாம், கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பிஸ்கட்டையும் இழப்பீர்கள்.

2 வயதிலிருந்து புதுசுக்கு முகம் சுளிப்பது வளர்ச்சியின் ஒரு கட்டம், அதற்கெல்லாம் தெரபி வேண்டாம். நான் வைத்திருக்கும் கணக்கு: மொத்தமே 20 உணவுக்குக் குறைவு, விட்ட உணவு திரும்ப வருவதில்லை, ஒரு வகையே, காய் முழுக்கவோ கடிக்க வேண்டியது முழுக்கவோ, இல்லை, ஒரே பிராண்டு ஒரே நிறம் தவிர வேறு வேண்டாம். அப்படியென்றால் மதிப்பீடு. எடை நின்றுவிட்டால் முதலில் மருத்துவர்.

## எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது

2 வயது வரை பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் பிறகு மூக்கைப் பாருங்கள்: பகலிலும் வாயைத் திறந்தே மூச்சு விடுகிறதா, இரவில் குறட்டையா? மூக்கு அடைத்த குழந்தையால் வாயை மூட முடியாது, "வாயை மூடு" என்று சொல்லிப் பயனில்லை, அடினாய்டும் (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) டான்சிலும் காது மூக்கு தொண்டை மருத்துவர் வேலை. மூக்கு சுத்தமாக இருந்தால் உறிஞ்சு கப்பை விட்டு ஸ்ட்ராவுக்கும் திறந்த டம்ளருக்கும் மாறுங்கள், சூப்பானை நிறுத்துங்கள். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். 4 வயதிலும் சட்டை நனைந்தால் காட்டுங்கள்.

## காட்டப் போகும்போது

வார்த்தைப் பட்டியல், மூன்று நாள் உணவுக் குறிப்பு, எடை எழுதிய அட்டை, காதுப் பரிசோதனை அறிக்கை. இவற்றைவிட எனக்கு உதவுவது இரண்டு சின்ன வீடியோக்கள்: வீட்டில் விளையாடுவது ஒன்று, சாப்பிடுவது ஒன்று, யாரும் எதையும் சொல்லிக்கொடுக்காமல் எடுத்தவை. என் அறையில் பாதிக் குழந்தைகள் வாயே திறப்பதில்லை. பிடித்த பொம்மை ஒன்றும், சாப்பிடும் ஒன்றும், சாப்பிடாத ஒன்றும் கொண்டுவாருங்கள். முக்கியமாக, தூங்கும் நேரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள்.